ட்ராலர் யாட் உரிமையாளர்களின் வாரயிறுதிச் சந்திப்பு: படகுகளைச் சேர்த்துக் கட்டித் தங்குவது எப்படி?

ட்ராலர் என்பது மீன்பிடிப் படகின் சாயலில் கட்டிய, மெதுவாகப் போகும் உல்லாசப் படகு. கேள்வி இது: "பழைய 36 அடி கிராண்ட் பேங்க்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒற்றை இன்ஜின், ஃபோர்டு லேமன் 120. இந்தக் கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுகளில் ட்ராலர்காரர்கள் கூடுகிறார்கள். வெள்ளி இரவு அனகோர்ட்டஸ் துறையில். சனிக்கிழமை சூஷியா தீவுக்குப் போய், நங்கூரம் போட்டு, படகுகளை ஒன்றோடொன்று கட்டித் தங்குவதாகத் திட்டம். என்ன தயார் செய்ய வேண்டும்? எங்கே தப்பு நடக்கும்?"

முதலில் அடிப்படை விதியைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்துக் கட்டிய எந்தப் படகும், நடுராத்திரியானாலும், ஐந்து நிமிடத்தில் கயிற்றை அவிழ்த்துத் தனியாகக் கிளம்ப முடிய வேண்டும். எத்தனை படகு சேரலாம், கயிற்றை எப்படிக் கட்டுவது, டிங்கியை (கரைக்குப் போய்வரும் சிறு படகை) எங்கே விடுவது, இரவில் யார் குடிக்காமல் இருப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் இந்த ஒரு விதியை வைத்தே பதில் சொல்லிவிடலாம். ஏற்பாட்டாளர் இதை ஒத்துக்கொள்ளாவிட்டால், தனியாக நங்கூரம் போட்டுவிட்டு டிங்கியில் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ராஃப்ட், அதாவது இப்படிச் சேர்த்துக் கட்டிய படகு வரிசை, பெரும்பாலும் ஒரே ஒரு நங்கூரத்தை நம்பி நிற்பது. அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் அட்டவணைப்படி 35 அடிப் படகு ஒன்றின் நங்கூரத்தில் 15 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் விழும் இழுப்பு 225 பவுண்டு. 30 நாட்டில் அதே படகுக்கு 900 பவுண்டு. காற்று இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு என்பதால் வரும் கணக்கு அது. இப்போது நான்கு படகுகளைச் சேர்த்துக் கட்டுங்கள். சாதாரண 15 நாட் மாலைக் காற்றிலேயே நடுப்படகின் நங்கூரம் 900 பவுண்டு சுமக்கிறது. தனிப்படகு 30 நாட் காற்றில் நிற்பதும் இதுவும் ஒன்றுதான். காற்று 20 நாட் ஆனால் 1,600 பவுண்டு. தனிப்படகுக்கு அந்தச் சுமை வர 40 நாட் புயல் அடிக்க வேண்டும். மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு 20 நாட் காற்று பெரிதாகத் தெரியாது. அடியில் சேற்றைப் பிடித்திருக்கும் நங்கூரத்துக்குத் தெரியும்.

எனவே என் கணக்கு இது: ஒரு நல்ல நங்கூரத்துக்கு மூன்று படகு. நான்கு என்றால் பகலில் மட்டும், காற்று 10 நாட்டுக்குள் இருந்தால் மட்டும். ஆறு, எட்டு என்று நீண்ட வரிசை கட்டும் பழக்கமும் உண்டு. அதில் ஒவ்வொரு மூன்றாவது படகும் நங்கூரம் போட்டிருக்கும். ஆனால் காற்றோ நீரோட்டமோ திரும்பும்போது மொத்த வரிசையும் சுழன்று, சங்கிலிகள் அடியில் முறுக்கிக்கொள்ளும். அவிழ்க்க அரை நாள் போகும். சான் வான் போல ஒரே நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும் இடத்தில் இரவு தங்குவதற்கு அது சரிப்படாது.

இனி வரிசையாக.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

உங்கள் படகு குளிர்காலம் முழுவதும் துறையில் கட்டிக் கிடந்திருக்கும். பழைய கிராண்ட் பேங்க்ஸ்களில் எரிபொருள் தொட்டிகள் இரும்பு. அடியில் துருவும் கசடும் தண்ணீரும் படிந்திருக்கும். துறையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போகும் வழியில் ரொசாரியோ நீரிணையில் முதல் அலை தூக்கிப் போடும்போதுதான் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் சுற்று மெல்லக் குறைந்து, பிறகு நின்றுவிடும். அதுவும் கப்பல் போகும் தடத்தில். இந்தச் சந்திப்புகளுக்கு வரும் வழியில் நின்றுபோகும் படகுகளில் இதுவே வழக்கமான காரணம்.

டீசலை முதலில் வடிகட்டும் ரேக்கர் ஃபில்டருக்கு, அடைப்பைக் காட்டும் வெற்றிட மானி இல்லை என்றால் ஒன்று போடுங்கள். புது ஃபில்டரில் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஓடும் வேகத்தில் 7 அங்குலத்தை (பாதரச அளவு) நெருங்கினால் மாற்றிவிட வேண்டியதுதான். இன்ஜின் நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஃபில்டரின் மூடி நிறமே அளவைச் சொல்லும்: பழுப்பு 2 மைக்ரான், நீலம் 10, சிவப்பு 30. முதல் வடிகட்டியில் 2 மைக்ரான் போட்டால் கசடுள்ள தொட்டிக்குச் சீக்கிரம் அடைக்கும். அங்கே 10 அல்லது 30 போடுங்கள். நுண்வடிகட்டலை இன்ஜினிலேயே இருக்கும் ஃபில்டர்கள் பார்த்துக்கொள்ளும். குறைந்தது நான்கு உதிரி வேண்டும், அவற்றோடு மூடியின் ரப்பர் வளையங்களும். கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் சந்திப்பை மறந்துவிட்டு முதலில் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.

லேமன் 120-க்கென்று ஒரு தனி விஷயம். அதன் டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கு இன்ஜினோடு சேராத சொந்த எண்ணெய்த் தொட்டி உண்டு. பம்ப்பின் பிளஞ்சர்களைத் தாண்டி டீசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து அந்த எண்ணெயை நீர்க்கவைக்கும். அதனால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடித்திருகைத் திறந்து வடித்து, மேலே ஊற்றி, பக்கவாட்டு அளவுத் திருகின் வழியே வழியும்போது நிறுத்தினால் போதும். பழைய உரிமையாளர் மாற்றினாரா என்று குறிப்பேட்டில் எழுதியில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த லேமன் 135-க்கு இந்த வேலை கிடையாது. அதை வைத்திருப்பவர் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

கடல்நீர்ப் பம்ப்பின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தை) கழற்றி இதழ்களின் அடியை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிது. பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்தால் அது எங்கோ போய்விடவில்லை. குளிர்விப்பானின் வாயில் சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் புதிது போட்டால் இன்ஜின் மறுபடி சூடாகும். துத்தநாகக் குச்சிகள், பெல்ட், ஷாஃப்ட் வழியாகச் சொட்டும் தண்ணீர் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஷாஃப்ட் பெட்டி ஓட்டத்தில் நிமிடத்துக்குச் சில சொட்டு விட்டால் நல்லது. ஒன்றுமே சொட்டாமல், தொட்டால் சுட்டால் இறுக்கம் அதிகம்.

எரிபொருள் பற்றிக் கவலை வேண்டாம். நீர்மட்ட நீளம் 35 அடி என்றால் அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கி வரும் 7.9 நாட்தான் உங்கள் படகு உடலின் இயல்பு வேக எல்லை. அதற்குக் கீழே 7 நாட்டில் ஒற்றை லேமன் மணிக்கு ஏறக்குறைய 2 கேலன் குடிக்கும். போய்வர மொத்தம் 45 கடல் மைல் என்று வைத்தாலும் 13 கேலன்தான்.

காகிதம் ஒன்று: 1955 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர், 15 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை வாஷிங்டனில் ஓட்ட, படகோட்டிக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே எடுத்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் மேலே சொன்ன ஐந்து நிமிட விதி அன்றைக்கே உடைந்துவிடுகிறது.

வெள்ளி இரவு, துறையில்

அனகோர்ட்டஸின் கேப் சான்டே துறையில் வந்து கட்டியதும் நடக்கும் முதல் சங்கடம் கரை மின்சாரம். 30 ஆம்ப் கம்பியைச் செருகுவீர்கள், துறையின் மின்தூணில் இருக்கும் பிரேக்கர் உடனே விழும். மறுபடி போட்டால் மறுபடி விழும். பக்கத்துப் படகுக்கு அதே தூணில் நன்றாக வேலை செய்யும். தூண் கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் சண்டை போடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் குறை படகில்தான். அமெரிக்க மின் விதித்தொகுப்பு 2017-இல் படகுத்துறை இணைப்புகளுக்குக் கசிவு எல்லையை 30 மில்லி ஆம்பியர் என்று இறுக்கியது. அதன்பின் கட்டிய, புதுப்பித்த துறைகளில் அந்தக் காவல் இருக்கும். உங்கள் சொந்தத் துறை பழையதாக இருந்தால் படகின் கசிவு இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கும்.

காரணங்கள் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். யாரோ படகுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்கான இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து பொருத்தினால் இது நடக்கும். அல்லது வெந்நீர்த் தொட்டியின் சூடேற்றும் கம்பி உறை வெடித்துக் கசியும். வீட்டிலேயே சோதித்துவிடலாம்: மில்லி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கரைக் கம்பி முழுவதையும் சுற்றி மாட்டுங்கள், ஒரு இழையை மட்டும் அல்ல. போவதும் வருவதும் சமமாக இருந்தால் பூஜ்யம் காட்டும். காட்டும் எண்தான் தண்ணீருக்குள் போகும் கசிவு. உள்ளே பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது அணைந்ததும் எண் விழுகிறதோ அதுதான் திருடன். இதைச் சின்னத் தொல்லை என்று நினைக்காதீர்கள். துறை நீரில், முக்கியமாக நன்னீரில், நீந்துகிறவர்களைக் கொல்வது இந்தக் கசிவுதான். பிரேக்கர் விழுகிற படகை எர்த்தைத் துண்டித்து "சரிசெய்ய" யாராவது முன்வந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

செருகும் முறையும் முக்கியம். தூணில் பிரேக்கரை அணைத்துவிட்டு, முதலில் படகுப் பக்கம் செருகித் திருகி, பிறகு தூணில் செருகித் திருகி, கடைசியில் பிரேக்கரைப் போட வேண்டும். ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பின்கள் கருகிக்கொண்டிருக்கின்றன.

மாலையில் படகுகளைத் திறந்து காட்டுவார்கள். வரவேற்பறையில் தேக்கு மரத்தைப் பாராட்டிவிட்டு நேரே இன்ஜின் அறைக்குப் போங்கள். இந்தச் சந்திப்பின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஒரே இன்ஜினை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டவர் எதிரே நிற்பார். கேட்டால் எல்லாம் சொல்வார். இன்ஜினுக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்திருக்கிறாரா? அதில் எந்த இடத்தில் கறை விழுகிறது? ஒவ்வொரு கடல்நீர் வால்விலும் பெயர் எழுதி, அளவான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறாரா? எக்ஸாஸ்ட் முழங்கை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்? தொட்டி ஒழுகியபோது இன்ஜினைத் தூக்காமல் எப்படி வெளியே எடுத்தார்? இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. உங்கள் இன்ஜின் அறையையும் அழுக்காக இருந்தாலும் திறந்து காட்டுங்கள். நாலு பேர் பார்த்தால் நாலு குறை சொல்வார்கள், நாலும் உபயோகப்படும்.

விருந்து பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆளுக்கு ஒரு பதார்த்தம். அடுப்பு தேவைப்படாத ஒன்றைச் செய்துகொண்டு போனால் போதும். கிளம்புமுன் கழிவுத் தொட்டியைத் துறையிலேயே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இங்குள்ள உள்கடலான ப்யூஜெட் சவுண்ட் 2018 மே மாதத்திலிருந்து கழிவு கொட்டத் தடைசெய்யப்பட்ட பகுதி, சுத்திகரித்த கழிவானாலும் தடைதான். வெளியே தள்ளும் வால்வைக் கம்பி போட்டு முடுக்கி வையுங்கள். ராஃப்ட்டில் விருந்து நடத்தும் படகின் கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்துவார்கள் என்பதால், இரண்டு பேருக்கு ஒரு வாரம் வரும் 30 கேலன் தொட்டி ஒரே மாலையில் நிறைந்துவிடும். அவரவர் படகுக்குப் போய்வருவது நாகரிகம்.

சனிக்கிழமை, போகும் வழி

அனகோர்ட்டஸிலிருந்து சூஷியா இருபது கடல் மைலுக்குச் சற்று மேல், மூன்று மணி நேரப் பயணம். ஆனால் அந்த மூன்று மணி நீரோட்டத்தைப் பொறுத்தது. ரொசாரியோவில் ஏற்றத்தின்போது நீர் வடக்கே ஓடும், வற்றத்தில் தெற்கே. 3 நாட் நீரோட்டம் கூட வந்தால் உங்கள் 7 நாட் 10 ஆகும். எதிரே வந்தால் 4 ஆகும். வேகப்படகுக்காரர் இதைக் கண்டுகொள்ள மாட்டார். ட்ராலர்காரருக்குப் பயணத் திட்டமே இதுதான். ஏற்றம் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். தெற்குக் காற்று வற்றத்துக்கு எதிராக அடிக்கும் நேரம் குத்தலான அலை எழும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

எண்ணெய்க் கப்பல்களும் மாநில ஃபெர்ரிகளும் அதே நீரிணையில் போகும். கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு அங்கே வானொலியின் 5ஏ சேனலில் பேசும், அதையும் 16-ஐயும் கேட்டுக்கொண்டிருங்கள். கூட்டத்தின் அரட்டைக்கு 68 அல்லது 72, அதுவும் 1 வாட்டில். சிவப்பு-வெள்ளை மிதவைகள் நண்டுப் பொறிகள். உங்கள் நீண்ட அடிக்கட்டை ப்ரொப்பெல்லரைக் காக்கும் என்றாலும் பின்னோக்கி வரும்போது அந்தக் காப்பு இல்லை. தெற்குக் குடியிருப்பு ஓர்க்கா திமிங்கலங்கள் தெரிந்தால் 1,000 கெஜம் தள்ளியிருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இது மாநிலச் சட்டம்.

சூஷியாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தீவு தனியார் கைக்குப் போகவிருந்தபோது, 1960-இல் இப்பகுதியின் யாட் கிளப்புகள் சேர்ந்த ப்யூஜெட் சவுண்ட் இன்டர்கிளப் சங்கம் பணம் திரட்டி அதை 25,000 டாலருக்கு வாங்கி, பூங்காவாக வைத்திருக்கும்படி மாநிலத்திடம் கொடுத்தது. இன்று யாரும் போய்த் தங்க முடிகிறதென்றால் காரணம் அவர்கள்தான். கரையோரக் கடல்புல் படுகையில் நங்கூரத்தைப் போட்டுக் கிழிக்காமல் இருப்பது அந்தக் கொடைக்கு நாம் செய்யும் மரியாதை.

எக்கோ பே பெரிய குடா, சேற்றுத் தரை, நல்ல பிடிப்பு. ஆனால் தென்கிழக்கே திறந்தது. முன்னறிவிப்பில் தென்கிழக்குக் காற்று என்று இருந்தால் அங்கே ராஃப்ட் கூடவே கூடாது. மேற்குப் பக்கம் ஷாலோ பே பார்க்கலாம், அல்லது நிகழ்ச்சியையே வேறு தீவுக்கு மாற்றலாம். பூங்காவின் மிதவையில் கட்டுவதானால் 25–36 அடிப் படகுகள் மூன்று, 37–45 அடி இரண்டு, அதற்கு மேல் ஒன்றுதான்.

கட்டும் முறை

கனமான, நல்ல நங்கூரமுள்ள படகு முதலில் போய் நிற்க வேண்டும். ஆழமானி வற்றத்தில் 25 அடி காட்டுகிறது, ஏற்றம் 10 அடி என்றால் 35, முன்முனை உயரம் 5 அடி சேர்த்து 40. தனிப்படகுக்கு முழுச் சங்கிலியில் ஐந்து மடங்கு, 200 அடி போதும். ராஃப்ட் என்றால் ஏழு மடங்கு, 280 அடி விடுங்கள். முன்முனை உயரத்தையும் ஏற்றத்தையும் கணக்கில் விட்டு, 25 அடிக்கு 125 அடி போதும் என்று நினைப்பவர்தான் ராத்திரி இழுபடுகிறார். பின்பு ரிவர்ஸில் 1,500 சுற்று, ஒரு நிமிடம். கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு பிரியாமல் இருந்தால் பிடித்துவிட்டது. சங்கிலியின் சுமை வின்ச்சில் நிற்கக் கூடாது. முக்கால் அங்குல நைலான் கயிறு முப்பதடியைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை முன் க்ளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கட்டுங்கள். பழைய கிராண்ட் பேங்க்ஸ்களில் இன்னும் 45 பவுண்டு கலப்பை நங்கூரம் இருந்தால், உங்கள் படகு நடுப்படகாக இருக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நடுப்படகு அரை மணி நேரம் தனியாக நின்று, நங்கூரம் நகரவில்லை என்று தெரிந்தபின் அடுத்தவர் வரலாம். வருகிறவர் தன் ஃபெண்டர்களையும் (படகுகள் உரசாமல் தடுக்கும் காற்றுமெத்தைகள்) கயிறுகளையும் தூரத்திலேயே தயார் செய்திருக்க வேண்டும். 36 அடிப் படகுக்கு 10 அங்குல விட்டமுள்ள ஃபெண்டர் பக்கத்துக்கு நான்கு, முன்னும் பின்னும் பெரிய உருண்டை ஒவ்வொன்று. கைப்பிடிக் கம்பியின் நடுவில் கட்டாதீர்கள், வளைந்துவிடும். க்ளீட்டிலோ கம்பியின் அடியிலோ கட்டுங்கள். இரண்டு படகின் வயிறும் எங்கே முட்டுமோ அந்த உயரத்தில் தொங்க வேண்டும். ஒரு அடி தாழ்ந்தால் அலை அதை மேலே பிதுக்கித் தள்ளிவிடும். அப்புறம் தேக்கும் தேக்கும் உரசும்.

பின்பக்கமிருந்து, காற்றுக்கு எதிர்முகமாக, ஐடிலில், பத்தடி இடைவெளியில் இணையாக வாருங்கள். முன்முனை முன்முனைக்கு நேராக வந்ததும் நியூட்ரல். முன் கயிறு முதலில். எறியாமல் கையில் கொடுங்கள். எறிந்த கயிறு தண்ணீரில் விழுந்தால் ப்ரொப்பெல்லருக்குப் போகும். முன் கயிறு பிடிபட்டால் காற்றே பின்பக்கத்தை ஒழுங்குபடுத்தும். அடுத்து பின் கயிறு, பிறகு முன்னும் பின்னும் நகராமல் நிறுத்தும் இரண்டு ஸ்பிரிங் கயிறுகள். உங்கள் படகு 26,000 பவுண்டு எடை. இடைவெளியில் யாரும் கையையோ காலையோ வைத்துத் தள்ளக் கூடாது. முட்டினால் முட்டட்டும், ஃபைபர்கிளாஸை ஒட்டலாம். இதைப் படகில் இருக்கும் எல்லோருக்கும், விருந்தினருக்கும், முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நொடியில் காலை நீட்டுவது மனித இயல்பு.

ஸ்பிரிங் கயிறுகளை இழுக்கும்போது இரண்டு படகின் பக்கக் கதவுகளும் நேராக வந்தால் ஆட்கள் கடக்க வசதி. ஆனால் மேல்தளங்களின் விளிம்புகள் ஒன்றுக்கொன்று எதிரே வரக் கூடாது. ஆடும்போது அங்கேதான் முட்டும். மூன்றடி முன்னே பின்னே தள்ளிக் கட்டுங்கள். கயிற்றை அடுத்தவர் க்ளீட்டில் முடிச்சுப் போடாமல், சுற்றிக்கொண்டு வந்து இரு முனையையும் உங்கள் படகிலேயே கட்டுங்கள். அப்போது அடுத்தவர் தூங்கினாலும் நீங்களே அவிழ்த்து உருவிக்கொள்ளலாம். மொத்த ஏற்பாட்டிலும் நான் மிகவும் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். மூன்றாவது படகு மறுபக்கம் வர வேண்டும். ஒரே பக்கம் இரண்டு சேர்ந்தால் ராஃப்ட் கோணலாக நின்று காற்றைப் பக்கவாட்டில் வாங்கும்.

டிங்கிகளின் கயிறு மிதக்கும் ரகமாக இருக்கட்டும், இரவில் குட்டையாகக் கட்டுங்கள். டிங்கியில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும், சட்டம்.

ஜெனரேட்டர்

சேர்த்துக் கட்டிய படகுகளில் அலையைவிட ஆபத்தானது இது. ஜெனரேட்டரின் புகை பக்கவாட்டில் நீர்மட்டத்தில் வெளியேறும். தனிப்படகில் காற்று கொண்டுபோய்விடும். இரண்டு படகின் உடலுக்கும் இடையில் மூன்றடிச் சந்தில் அது தேங்கி, அடுத்தவர் தூங்கும் அறையின் திறந்த ஜன்னல் வழியே நுழையும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்கப் போவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். டீசல் புகையில் பெட்ரோலைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. தளத்தில் வைத்து ஓட்டும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ராஃப்ட்டில் எந்த நேரமும் கூடாது.

எல்லோரும் கூடி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அந்த நேரத்தில் யாரும் தூங்கக் கூடாது, பின்மேடையில் யாரும் நீந்தக் கூடாது, புகைவாய் பக்க ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கை அறையிலும் எச்சரிக்கைக் கருவி வேண்டும். அதன் முதுகில் தேதி இருக்கும். ஆயுள் முடிந்த கருவி பச்சை விளக்கு காட்டினாலும் நம்ப வேண்டாம். உண்மையில் இரண்டு இரவுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 60 ஆம்பியர் மணி, விளக்கும் பம்ப்பும் 20, நங்கூர எல்.இ.டி. 5. மொத்தம் 85. 400 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் இரண்டு நாள் ஓடும்.

இரவும் கிளம்புவதும்

விருந்து முடிந்ததும் பிரிந்து தனித்தனியாக நங்கூரம் போட்டுத் தூங்குவதுதான் என் பரிந்துரை. இருட்டும் முன் செய்யுங்கள், குடிக்கும் முன் செய்யுங்கள். ஜார்ஜியா நீரிணையில் போகும் கப்பல்களின் அலை எக்கோ பேக்குள் உருண்டு வரும். தனிப்படகு ஆடி அடங்கும், சேர்த்துக் கட்டியவை இடித்துக்கொள்ளும். சேர்ந்தே தூங்குவது என்று முடிவானால், படகுக்கு ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும், சாவி இக்னிஷனில் இருக்க வேண்டும், தளத்தில் நாற்காலி கிடக்கக் கூடாது, ஒவ்வொரு படகும் நங்கூர விளக்கு போட வேண்டும். காற்று எத்தனை நாட் ஆனால் பிரிவது என்று சாப்பாட்டு மேஜையிலேயே எண்ணைச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். 15 என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணைப் பற்றி வாதாட முடியாது. பிரியும் வரிசையும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும்: வெளிப்படகு முதலில், நங்கூரப் படகு கடைசியில்.

காலையிலும் அதே வரிசைதான். கிளம்பும் படகு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விட்டு, குளிர்நீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்த்து, டிங்கிகள் விலகியபின், ஸ்பிரிங் கயிறுகளை உருவி, பின் கயிறு, கடைசியில் முன் கயிறு. காற்றே பிரித்துவிடும். பத்தடி விலகும் வரை கியர் வேண்டாம். நங்கூரப் படகு சங்கிலியை ஏற்றும்போது சேறு கெட்டியாக ஒட்டி வரும், கழுவும் பம்ப் இல்லாதவர் வாளியும் பிரஷ்ஷும் வைத்துக்கொள்ளட்டும். பிறகு வற்றம் தொடங்கும் நேரம் பார்த்து ரொசாரியோவில் இறங்குங்கள். துறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபில்டரின் வெற்றிட மானி எண்ணையும் இன்ஜின் மணியையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இன்ஜெக்ஷன் பம்ப் எண்ணெய்க்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை அடுத்த முறை அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.